இடது காது மட்டும் மந்தம், நடையும் தள்ளுகிறது: வாசகர் கேள்வி-பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்தவை அதிகம். ஒரு பக்கக் காது கேளாமை, தலைசுற்றல், தள்ளாட்டம் என்று ஒன்றையொன்று ஒட்டிய தொல்லைகள் என்பதால் சேர்த்து வெளியிடுகிறோம். காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவரும் கேட்கும் திறனைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்ட் ஒருவரும் பதில் சொல்கிறார்கள்.

என் கணவருக்கு வயது 46. நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறார். ஒன்றரை வருடமாக இடது காது மந்தம். போனை அந்தக் காதில் வைத்தால் சத்தம் கேட்கிறது, பேச்சு விளங்கவில்லை என்கிறார். ஓயாத இரைச்சல் வேறு. இப்போது விடியற்காலை இருட்டில் கரையில் நடந்தால் ஒரு பக்கமாகத் தள்ளுகிறது. இன்ஜின் சத்தம்தான் காரணம் என்கிறார்கள். தலைக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தோம், நார்மல் என்று வந்தது. நான்கு மாதமாகத் தலைசுற்றல் மாத்திரை சாப்பிடுகிறார். இனி என்ன பார்க்க வேண்டும்?
வாசகி, தங்கச்சிமடம்

முதலில் இன்ஜினைப் பார்த்துவிடுவோம். இரைச்சல் இரண்டு காதையும்தான் கெடுக்கும். எப்போதும் ஒரே பக்கத்தை இன்ஜினுக்குக் காட்டி உட்கார்ந்து படகு ஓட்டுகிறவருக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் கூடுதலாகக் கெடலாம். அப்போதும் கேட்கும் திறன் பரிசோதனைப் படமான ஆடியோகிராமில் 4000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம் இரண்டு காதிலும் தெரியும். ஒரு காது நன்றாக இருக்க மற்றது மட்டும் மெல்ல மெல்ல மங்கினால், பழியை இன்ஜின் தலையில் கட்டிவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. வயதின் மேலும் கட்டக் கூடாது. வயதும் இரண்டு காதுக்கும் சேர்ந்துதான் வரும்.

உங்கள் கடிதத்தில் எங்கள் கவனத்தை இழுத்தது போன் விஷயம்தான். காதில் அழுக்கு அடைத்தாலோ, செவிப்பறையில் ஓட்டை விழுந்தாலோ சத்தம் குறையும். ஆனால் சத்தத்தைக் கூட்டினால் பேச்சு புரிந்துவிடும். சத்தம் கேட்கிறது, சொல் பிடிபடவில்லை என்றால் கோளாறு உள்காதிலோ அதற்குப் பின்னால் உள்ள நரம்பிலோ இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று முனகச் சொல்லுங்கள். முனகல் கேளாத காதில் பெரிதாகக் கேட்டால் கோளாறு வெளிக்காதிலோ நடுக்காதிலோ. நல்ல காதுப் பக்கம் ஒதுங்கினால் உள்காதிலோ நரம்பிலோ. மருத்துவர் 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையை நெற்றியில் வைத்துப் பார்ப்பதும் இதே சோதனைதான், அவர் செய்வது துல்லியம்.

அடுத்தது தள்ளாட்டம். நாம் நிலையாக நிற்பதற்கு மூன்று துணை: கண், பாதம், உள்காது. இருட்டு கண்ணைப் பறித்துவிடுகிறது. பொதபொதவென்ற கடற்கரை மணல் பாதத்தின் உணர்வைக் குழப்புகிறது. மிச்சம் இருப்பது உள்காது மட்டும். அதில் ஒரு பக்கம் வேலை செய்யவில்லை என்றால் அங்கேதான் காட்டிக்கொடுக்கும். பகலில், தார் ரோட்டில் நன்றாகத்தானே நடக்கிறார் என்று விட்டுவிடாதீர்கள்.

இனி பரிசோதனைகள். ஆடியோகிராம் எடுத்திருந்தால் அதைக் கையில் எடுத்துப் பாருங்கள். சிவப்பு வட்டம் வலது காது, நீலப் பெருக்கல் குறி இடது காது. ஒரு காது மந்தமானவருக்கு ‘மாஸ்கிங்’ செய்தாக வேண்டும்: நல்ல காதில் ஒரு இரைச்சலை ஓடவிட்டு அதை வேலையாக வைத்துக்கொண்டு, மந்தக் காதைத் தனியாகச் சோதிப்பது. செய்யாவிட்டால் மந்தக் காதில் கொடுக்கும் சத்தம் மண்டை எலும்பு வழியாகத் தாண்டிப் போய் நல்ல காது கேட்டுவிடும். அவரும் கேட்கிறது என்று பொத்தானை அழுத்துவார். அடியோடு கேளாத காதுகூட ‘பாதி கேட்கிறது’ என்று பதிவாகிவிடும். மாஸ்கிங் செய்திருந்தால் இடது காதுக்கு நீலச் சதுரக் குறி இருக்கும். அது இல்லாமல் வெறும் பெருக்கல் குறி மட்டும் இருந்தால், ‘மாஸ்கிங் போட்டு மறுபடி எடுத்துத் தாருங்கள்’ என்று தயங்காமல் கேளுங்கள். கூடவே தமிழ்ச் சொற்களை வைத்துச் செய்யும் பேச்சுப் புரிதல் சோதனையும் வேண்டும். ஒலிச் சோதனையில் காட்டும் குறைவுக்குப் பொருந்தாத அளவுக்குச் சொற்கள் தவறிப்போனால் அது நரம்பைச் சுட்டும் அடையாளம்.

அடுத்தடுத்த இரண்டு அலைவரிசைகளில் இரு காதுக்கும் 15 டெசிபலோ அதற்கு மேலோ வித்தியாசம் இருந்து, காரணம் வேறு தெரியாவிட்டால் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். சி.டி. நார்மல் என்பது இந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது. கேட்கும் நரம்பும், உடலை நிலையாக வைக்கும் நிலை நரம்பும் எலும்புக்குள் ஒரு சிறு குழாய் வழியாக மூளைக்குப் போகின்றன. அந்தக் குழாய்க்குள் சில மில்லிமீட்டர் அளவில் ஏதாவது இருந்தால், மருந்து செலுத்தாமல் எடுத்த சி.டி.யில் சுற்றியுள்ள எலும்பு அதை மறைத்துவிடும். ‘பெரா’ (BERA) என்ற கேட்கும் நரம்புச் சோதனையும் ஒரு சென்டிமீட்டருக்குக் குறைந்ததைத் தவறவிடக் கூடும். சீட்டில் வெறுமனே ‘எம்.ஆர்.ஐ. பிரெய்ன்’ என்று எழுதியிருந்தால், ‘இரு பக்க உள்காது நரம்புக் குழாய்க்கும் மெல்லிய வெட்டுப் படங்கள், தேவைப்பட்டால் கடோலினியம் மருந்துடன்’ என்று சேர்த்து எழுதச் சொல்லுங்கள். சாதாரண மூளைப் படத்தில் ஒவ்வொரு வெட்டும் ஐந்து மில்லிமீட்டர் வரை தடிமனாக இருக்கும். சிறியது அதில் தெரியாமல் போய்விடக் கூடும்.

எம்.ஆர்.ஐ.க்குப் போகும் முன் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை முடிவு கையில் இருக்கட்டும். சிறுநீரகம் சரியாக இருந்தால்தான், படம் தெளிவாகத் தெரிய ஊசியில் செலுத்தும் கடோலினியத்தைப் போடுவார்கள். அரைஞாண் கயிற்றில் உலோகத் தாயத்து இருந்தால் கழற்றிவிட வேண்டும். உடலில் எங்காவது முறிந்த தூண்டில் முள்ளோ, வெல்டிங் வேலையில் கண்ணில் தெறித்த இரும்புத் தூளோ இருந்தால், எவ்வளவு பழையதானாலும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். படம் எடுக்க அரை மணி முதல் முக்கால் மணி நேரம் ஆகும். இயந்திரம் பயங்கரமாகச் சத்தம் போடும். இரண்டு காதுக்கும் அடைப்பான் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இருக்கிற ஒரு நல்ல காதைக் காப்பாற்ற வேண்டாமா?

இவ்வளவும் எதைத் தேடுகிறோம் என்றால், நிலை நரம்பின் உறையிலிருந்து வளரும் வெஸ்டிபுலர் ஷ்வன்னோமா என்ற கட்டியை. அகௌஸ்டிக் நியூரோமா என்பது அதன் பழைய பெயர். இது புற்றுநோய் இல்லை, உடலின் வேறு பாகத்துக்குப் பரவுவதும் இல்லை. இப்படிப் படம் எடுக்க அனுப்பப்படுகிறவர்களில் பெரும்பாலோருக்குக் கட்டி இருப்பதில்லை. இல்லை என்று உறுதியாவதே பாதி நிம்மதி. இருந்தாலும் பல கட்டிகள் வளராமலேயே கிடக்கும், வளர்கிறவையும் சராசரியாக வருடத்துக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் வளரும். சிறியதானால் ஆறு மாதத்தில் ஒரு படம், பிறகு வருடம் ஒரு படம் என்று கண்காணிப்பார்கள். வளர்கிறது, ஆனால் மூன்று சென்டிமீட்டருக்குள் என்றால் குறிவைத்துச் செலுத்தும் கதிர்வீச்சு உண்டு. மூளைத் தண்டை அழுத்தும் அளவுக்குப் பெரியதானால் அறுவை சிகிச்சை. முக நரம்பு அதை ஒட்டியே போவதால், முகம் கோணும் அபாயம் பற்றி அறுவை மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள். இழந்த கேட்கும் திறன் எந்த வழியிலும் பெரும்பாலும் திரும்பாது. இதை முன்பே தெரிந்துகொண்டு முடிவெடுப்பது நல்லது.

மாத்திரை பற்றி: சின்னரிசின், புரோக்ளோர்பெரசின் போன்றவை கடும் சுற்றல் உள்ள முதல் சில நாட்களுக்கு உதவும். மாதக்கணக்கில் சாப்பிட்டால் மூளை மறுபக்கக் காதை வைத்துப் புதிதாக நிலை பழகுவதை அவையே தடுக்கும். கை நடுக்கமும் உடல் விறைப்பும்கூட வரலாம். மருத்துவரிடம் சொல்லி நிறுத்தும் வழியைக் கேளுங்கள். அதற்குப் பதிலாகப் பயிற்சி: கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்தி, பார்வையை அதிலேயே வைத்துக்கொண்டு தலையை மட்டும் இடவலமாக ஒரு நிமிடம் ஆட்ட வேண்டும். நாளைக்கு நான்கைந்து முறை. பிறகு பாதங்களைச் சேர்த்து நிற்பது, மடித்த மெத்தை மேல் நிற்பது, ஈர மணலில் நடப்பது, கடைசியாகக் காய்ந்த மணல். பக்கத்தில் ஒருவர் கைபிடிக்க நிற்கட்டும்.

நோய் என்னவென்று தெரியும்வரை அவர் தனியாகக் கடலுக்குப் போக வேண்டாம். இரவில் படகு விளிம்பில் நின்று வலை இழுக்க வேண்டாம். உள்காது கெட்டவர் இருட்டில் தண்ணீருக்குள் விழுந்தால் மேல் எது கீழ் எது என்று தெரியாமல் ஆழம் நோக்கியே நீந்திவிடக் கூடும். மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை காத்திருந்து பார்த்துக்கொள்ளலாம் என்று பலர் தள்ளிப்போடுகிறார்கள். எம்.ஆர்.ஐ.க்குச் சில வாரம் தாமதமானால் பரவாயில்லை, பல மாதம் கூடாது.

மூன்று நாளுக்கு முன் காலையில் எழுந்தபோது வலது காது அடைத்துக்கொண்டது. சளியாக இருக்கும் என்று பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய் விட்டார்கள். திறக்கவில்லை. லேசாகத் தலை சுற்றுகிறது. எனக்குச் சர்க்கரை நோய் உண்டு.
வாசகர், தேவிபட்டினம்

இதழ் அச்சாகும்வரை பொறுக்க முடியாத கேள்வி என்பதால் இவருக்குப் பதிலை உடனே அனுப்பிவிட்டோம். மற்றவர்களுக்காக இங்கே.

மூன்று நாளுக்குள் ஒரு காது திடீரென்று கேளாமல் போவது உள்காதுக்கு வந்த அவசரம். அழுக்கா, உள்காதா என்பதை மருத்துவர் காதுக்குள் பார்த்து, இசைக்கவை வைத்து ஐந்து நிமிடத்தில் பிரித்துவிடுவார். உள்காது என்றால் அன்றோ மறுநாளோ ஆடியோகிராம் எடுத்து ஸ்டீராய்டு தொடங்க வேண்டும். வழக்கமான அளவு, உடல் எடையில் கிலோவுக்கு ஒரு மி.கி. பிரெட்னிசலோன், அதிகபட்சம் நாளைக்கு 60 மி.கி., ஒன்றிரண்டு வாரம், பிறகு படிப்படியாகக் குறைப்பது. நீங்களாகக் கடையில் வாங்கிச் சாப்பிடும் மருந்து இல்லை இது. முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம். எவ்வளவு முந்துகிறோமோ அவ்வளவு நல்லது. சர்க்கரை உள்ளவருக்கு மாத்திரை சர்க்கரையை ஏற்றிவிடும். ஆகவே செவிப்பறை வழியாக நடுக்காதுக்குள் ஸ்டீராய்டு ஊசி போடும் வழியைக் கேட்க வேண்டும். அது ரத்தச் சர்க்கரையை அவ்வளவாகத் தொடாது. மாத்திரைக்குச் சரியாகாதவர்களுக்கும் இரண்டு முதல் ஆறு வாரத்துக்குள் இதே ஊசி போடலாம். கேட்கும் திறன் திரும்பினாலும் எம்.ஆர்.ஐ. எடுக்கத்தான் வேண்டும், ஷ்வன்னோமா சில சமயம் இப்படியும் தலைகாட்டும்.

எண்ணெய் விடாதீர்கள். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் உள்ளே இறங்கிச் சீழ் பிடிக்கும். எண்ணெய் பூசிய காதில் மருத்துவருக்குச் செவிப்பறையும் சரியாகத் தெரியாது.

காது கேளாமையோ தலைசுற்றலோ திடீரென்று வரும்போது பேச்சுக் குழறல், முகக் கோணல், இரட்டைப் பார்வை, கை கால் பலமின்மை, பிடித்துக்கொண்டும் நிற்க முடியாமை, இதுவரை இல்லாத கடும் தலைவலி, இவற்றில் ஏதாவது ஒன்று சேர்ந்தால் காது மருத்துவரைத் தேட வேண்டாம். 108-ஐ அழையுங்கள். உள்காதுக்கும் சிறுமூளைக்கும் ரத்தம் கொடுக்கும் ஒரே குழாய் அடைபட்டாலும் இப்படி வரும்.

பெரியபட்டினத்தில் சங்கு குளிக்கிறேன். கடந்த வாரம் இறங்கும்போது காது திறக்கவில்லை, மூக்கைப் பிடித்து ஓங்கி ஊதினேன். ‘டப்’ என்றது. மேலே வந்ததும் உலகம் சுற்றியது. சுற்றல் குறைந்துவிட்டது, இடது காது மந்தமாகவே இருக்கிறது. மறுபடி இறங்கலாமா?
வாசகர், பெரியபட்டினம்

இறங்கவே கூடாது, காது மருத்துவர் எழுத்தில் சரி என்று சொல்லும்வரை.

பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப் போல இரண்டு மடங்கு. ஆனால் காதுக்குக் கஷ்டம் முதல் சில மீட்டரில்தான். மூன்று மீட்டர் போவதற்குள் நடுக்காதுக் காற்று கிட்டத்தட்ட கால்வாசி சுருங்கிவிடுகிறது. நடுக்காதைத் தொண்டையோடு இணைக்கும் குழாய் திறந்து காற்று ஈடுகட்டாதபோது ஓங்கி ஊதினால், அந்த வேகத்தில் நடுக்காதுக்கும் உள்காதுக்கும் நடுவே உள்ள சவ்வு கிழிந்து உள்காதுத் திரவம் கசியலாம். செவிப்பறை மட்டும் கிழிந்திருந்தால் சுற்றல் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். குளிர்ந்த தண்ணீர் உள்ளே போய் வெதுவெதுப்பாவதோடு நின்றுவிடும். ஒரு வாரமாகியும் மந்தம் நீடிப்பது உள்காதைச் சுட்டுகிறது.

நாளைக்கே மருத்துவரைப் பாருங்கள். அதுவரை தலையைச் சற்று உயர்த்திப் படுங்கள். மூக்கைச் சிந்தாதீர்கள், தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள், எடை தூக்காதீர்கள், மலம் கழிக்க முக்காதீர்கள்.

மூச்சைப் பிடித்து முங்கினீர்களா, கம்ப்ரசர் குழாயில் காற்று வாங்கினீர்களா என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். சட்டச் சிக்கலுக்குப் பயந்து பலர் இதை விழுங்கிவிடுகிறார்கள். கம்ப்ரசர் காற்றில் ஆழத்தில் நெடுநேரம் இருந்தவருக்கு, மேலே வரும்போதோ வந்த பிறகோ சுற்றலும் கேளாமையும் தொடங்கினால், அது ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழாகி உள்காதைத் தாக்கியதாக இருக்கலாம். அதற்கு உடனே முழு ஆக்சிஜனும் அழுத்த அறைச் சிகிச்சையும் வேண்டும். சவ்வு கிழிந்தவருக்கு அதே அழுத்த அறை கேடு செய்யலாம். எது எப்போது தொடங்கியது என்ற உங்கள் வாய்ச்சொல்தான் இரண்டையும் பிரிக்கும்.

பாசி எடுக்க முங்குகிற பெண்களுக்கும் இது பொருந்தும். காது வலிக்கத் தொடங்கும் முன்பே, ஒவ்வொரு முழத்துக்கும் மென்மையாக ஊதியோ எச்சில் விழுங்கியோ காதைத் திறக்க வேண்டும். திறக்காவிட்டால் ஒரு முழம் மேலே வந்து மறுபடி முயல வேண்டும். சளி பிடித்த நாளில் முங்கக் கூடாது.

என் உம்மாவுக்கு 62 வயது. கட்டிலில் வலப்பக்கம் திரும்பினால் அரை நிமிடம் பயங்கரமாக மயக்கம் வருகிறது. பழையபடி ஒரு காது மந்தமும் உண்டு. இரண்டும் ஒரே நோயா?
வாசகி, கீழக்கரை

‘மயக்கம்’ என்ற சொல்லை மருத்துவரிடம் சொல்லாதீர்கள். நம் ஊரில் சுற்றலும் மயக்கம், கண் இருட்டுவதும் மயக்கம், நினைவு தப்புவதும் மயக்கம். ‘அறை சுற்றுகிறது, திரும்பிப் படுத்தால் வரும், அரை நிமிடத்தில் நிற்கும்’ என்று சொன்னால் அவருக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

இது பெரும்பாலும் உள்காதின் சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறி அரைவட்டக் குழாய்க்குள் விழுந்ததால் வருவது. மருத்துவர் தலையை 45 டிகிரி திருப்பிச் சட்டென்று சாய்த்துக் கண் துடிப்பதைப் பார்ப்பார். எந்தக் காது என்று தெரிந்ததும் எப்லி என்ற முறையில் தலையைப் படிப்படியாகத் திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் நிறுத்தித் துகள்களை வெளியே கொண்டுவருவார். பலருக்கு ஒன்றிரண்டு முறையில் நின்றுவிடும், மாத்திரை தேவையில்லை. கழுத்தெலும்புத் தேய்மானம் இருந்தால் முன்பே சொல்லுங்கள்.

ஆனால் இந்த நோய் காதை மந்தமாக்காது. ஆகவே காது மந்தத்துக்குத் தனியாக ஆடியோகிராம் எடுத்தே ஆக வேண்டும். அந்தக் காதில் நாற்றமுள்ள சீழ் வருமானால் அவசரம் இன்னும் கூடுதல்; எலும்பை அரிக்கும் கொலஸ்டியாடோமா என்ற தோல் வளர்ச்சி அங்கே இருக்கலாம்.

மூன்று நான்கு மணி நேரம் சுற்றல், காது அடைப்பு, இரைச்சல், பிறகு சரியாகிவிடுகிறது. மாதத்தில் இரண்டு முறை. பரிசோதனைக்குப் போகும் நாளில் காது நன்றாகக் கேட்கிறது!
வாசகர், மண்டபம்

மெனியர் நோயின் சாயல் இது: 20 நிமிடம் முதல் 12 மணி நேரம் வரை நீளும் சுற்றல், கூடவே ஏறி இறங்கும் கேட்கும் திறன். முதலில் தாழ்ந்த ஒலிகள் போகும். காது அடைத்திருக்கும் நாளிலேயே, சுற்றல் அடங்கியவுடன் ஒரு ஆடியோகிராம், நல்ல நாளில் ஒன்று. இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் நோய் பிடிபடும். ஒரு நோட்டில் தேதி, தொடங்கிய மணி, முடிந்த மணி, எந்தக் காது, வாந்தி உண்டா, முதல் நாள் என்ன சாப்பிட்டீர்கள் என்று எழுதிவையுங்கள். வீட்டில் உள்ளவர் சுற்றல் நேரத்தில் உங்கள் கண்களைப் போனில் அரை நிமிடம் படம் பிடித்தால் இன்னும் நல்லது, கண்மணி எந்தப் பக்கம் துடிக்கிறது என்று அதில் தெரியும். கருவாடு, ஊறுகாய், அப்பளம் மூன்றையும் இரண்டு மாதம் நிறுத்திப் பாருங்கள். கருவாடு இல்லாமல் சோறு இறங்காது என்பது தெரியும். ஆனாலும் உப்பைக் குறைப்பதுதான் இதற்கு முதலில் சொல்லப்படும் வழி. ஒரு பக்க நோய் என்பதால் இவருக்கும் எம்.ஆர்.ஐ. ஒரு முறை வேண்டும்.

எங்கே போவது, காப்பீடு கிடைக்குமா, ஒரு காது அடியோடு கேளாதவருக்கு ஊனச் சான்று உண்டா?
வாசகர், ராமேஸ்வரம்

ராமேஸ்வரத்திலிருந்து சுமார் 55 கிலோமீட்டரில் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. காது மூக்கு தொண்டைப் பிரிவில் தொடங்குங்கள். மேல் சிகிச்சைக்கு மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை. எங்கே போனாலும் ஆடியோகிராமின் மூலப் பிரதியும் எம்.ஆர்.ஐ. குறுந்தகடும் கையில் இருக்கட்டும். எழுத்து அறிக்கை மட்டும் போதாது, படத்தை அடுத்த மருத்துவர் தாமே பார்க்க வேண்டும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஸ்கேனுக்குப் பணம் கட்டும் முன்பே அட்டையைக் காட்டி, எது சேரும் எது சேராது என்று மருத்துவமனையின் காப்பீட்டு மையத்தில் கேளுங்கள்.

சான்று விஷயத்தில் பொய் நம்பிக்கை தர மனமில்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இரண்டு காதிலும் 60 டெசிபலோ அதற்கு மேலோ இழப்பு உள்ளவரைத்தான் கேள்விக் குறைபாடு உள்ளவராகக் கணக்கில் எடுக்கிறது. விழுக்காடு கணக்கிடும்போதும் நல்ல காதின் இழப்பு விழுக்காட்டை ஐந்தால் பெருக்கி, கெட்ட காதின் இழப்பு விழுக்காட்டைக் கூட்டி, ஆறால் வகுப்பார்கள். ஒரு காது முழுதாகப் போய் மறுகாது நன்றாக இருந்தால் சுமார் 17 விழுக்காடுதான் வரும். சலுகைகளுக்கு வேண்டியது 40. கெட்ட காதுப் பக்கத்துச் சத்தத்தை நல்ல காதுக்கு அனுப்பும் ‘கிராஸ்’ வகைக் கருவி உண்டு, வாங்கும் முன் ஒரு வாரம் போட்டுப் பார்க்கக் கேளுங்கள். உப்புக் காற்று பேட்டரித் தகட்டைச் சீக்கிரம் அரித்துவிடும். இரவில் பேட்டரிக் கதவைத் திறந்துவைத்து, சிலிக்கா ஜெல் போட்ட மூடியுள்ள டப்பாவில் கருவியை வையுங்கள்; ஜெல் மணிகள் நிறம் மாறியதும் புதியது போடுங்கள்.